நாலு மணி இருபத்துமூன்று நிமிடம்

அந்த மருத்துவமனையில் அவருக்குப் பெயர் கிலோமீட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது; அதைப் படித்துப் பார்த்தவர் யாருமில்லை. வாசல் காவலர் முதல் இதய அறுவை செய்யும் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் கிலோமீட்டர்தான். எந்த ஊர்ப் பெயரை யார் சொன்னாலும், அது இங்கிருந்து எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்காமலே சொல்லிவிடுவார். சில பேருக்கு அது எரிச்சல். பல பேருக்கு அது வேடிக்கை.

பதினோரு வருடம் டிக்கெட் ஏஜென்சியில் உட்கார்ந்து பழகிய பழக்கம் அது. பெரிய நகரங்களுக்கு இடையே பறப்பவர்களுக்கு அவர் தேவைப்பட்டதில்லை. ஒரு மூலையில் இருக்கும் சின்ன விமான நிலையத்திலிருந்து இன்னொரு மூலையில் இருக்கும் சின்ன விமான நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள்தான் அவரைத் தேடி வருவார்கள். வரைபடத்தில் ஒரு சாண் தூரம்தான் தெரிகிறது, எதற்கு ரெண்டு விமானம் மாறிப் பதினாலு மணி நேரம் போக வேண்டும் என்று சண்டைக்கு நிற்பார்கள். நேர்கோட்டுத் தூரம் வேறு, பறக்கிற தூரம் வேறு, வாசல் விட்டு வாசல் போய்ச் சேருகிற நேரம் வேறு என்று அலுக்காமல் விளக்குவார். அவர் சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. பின்னால் போய்ச் சேர்ந்ததாக யாரும் வந்து குறை சொன்னதில்லை. நல்ல சேதியைக் குறைத்தும் கெட்ட சேதியைக் கூட்டியும் சொல்வதுதான் அவர் தொழில் ரகசியம் என்று மனைவி கிண்டல் செய்வாள்.

ஏஜென்சியை மூடியபோது மருத்துவமனையில் பயண ஏற்பாட்டு மேசைக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. வெளியூர் நோயாளிகளை வரவழைப்பது, அனுப்பி வைப்பது, டாக்டர்களுக்கு டிக்கெட் போடுவது என்று சாதாரண வேலைதான் பெரும்பாலும். மாதத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் வேறு வேலை வரும். எங்கேயோ ஓர் ஊரில் யாரோ மூளைச்சாவு அடைந்திருப்பார். அந்த வீட்டார் அழுகைக்கு நடுவே உறுப்புகளைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பார்கள். உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அவருடைய மேசைக்கு போன் செய்து ஊர்ப் பெயரைச் சொல்வார். எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று அவர் சொல்ல வேண்டும்.

சிறுநீரகத்துக்கு ஒரு நாள் வரை பொறுமை உண்டு. கல்லீரலுக்கு அதில் பாதிகூட இல்லை. இதயத்துக்கு நாலு மணி நேரம். அங்கே துடிப்பு நின்ற நிமிடத்திலிருந்து இங்கே இன்னொரு நெஞ்சுக்குள் அது மறுபடி துடிக்கிற நிமிடம் வரை. டாக்டர்கள் குழு இங்கிருந்து அங்கே போகிற நேரம் கணக்கில் வராது. வருகிற நேரம்தான் கணக்கு.

அவர் மனைவி நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளைகளை மூன்றே வாரத்தில் மீன்குஞ்சாக்கி விடுவாள் என்று பெயர். குளத்தின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இவர்கள் குடும்ப விவகாரம் எல்லாம் அத்துப்படி. கணவர் மெல்லப் பேசுகிறவர். இரண்டும் சேர்ந்து சராசரி ஆகிவிட்டது என்று அவளுடைய தம்பி சொல்வான். தம்பி லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அக்கா என்றால் உயிர். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். வாரத்துக்கு நாலு தடவையாவது சாப்பாட்டு நேரம் பார்த்து வந்துவிடுவான்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் போய்விட்டது. ஆனால் போகும்போது இதயத்தின் தசையைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து, குளத்துக்குப் போகும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். வீங்கித் தளர்ந்த இதயம், மருந்தால் கொஞ்ச நாள்தான் தாக்குப்பிடிக்கும், மாற்று இதயம் வைப்பதுதான் வழி என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் இதைச் சொன்னது தினமும் லிஃப்டில் பார்த்துத் தலையாட்டும் கிலோமீட்டரிடம் என்பதால், சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய பெயர் பட்டியலில் ஏறியது. அரிதான ரத்த வகை. மெலிந்த உடம்பு, ஆகவே பெரிய ஆளின் இதயம் பொருந்தாது. காத்திருப்பு ஏழு மாதம் நீண்டது. குளம் இல்லை, படிக்கட்டு ஏறக் கூடாது, குரலும் இறங்கிவிட்டது. பதினாலு வயது மகள் அம்மாவுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டாள். மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டிய பை கட்டிலடியில் தயாராக இருந்தது. அவரோ, வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு எந்த நேரத்தில் எந்தத் தெரு வழியாக எத்தனை நிமிடம் என்று ஓட்டிப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதிகபட்சம் பத்தொன்பது நிமிடம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மேசைத் தொலைபேசி ஒலித்தது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் எப்போதும் ஊரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அன்று ஊரைச் சொல்லாமல், “நீங்க தனியாத்தான் இருக்கீங்களா சார்?” என்று கேட்டார். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

ஒரு கடற்கரை ஊர். நாட்டின் அந்தக் கோடி. பொருந்துகிற ரத்த வகை, பொருந்துகிற எடை. யாருக்கு என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. விதிப்படி இந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும். வேறு ஆள் என்று அந்த மேசையில் யாரும் இல்லை. வீட்டுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்றும், தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன் என்றும் கடைசியில் அந்த அம்மாள் சொன்னபோதுதான் அந்த மறைப்பும் விலகியது.

அவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஆயிரத்து நூற்றிருபது கிலோமீட்டர். அது அவருக்குப் பார்க்காமலே தெரியும். ஜெட் விமானம் என்றால் ஒன்றரை மணிக்கு ஐந்து நிமிடம் கூட. மற்றதெல்லாம் சேர்த்து மூன்று மணி இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவருக்கு மூச்சு வந்தது. தனி விமானம் அனுப்பும் கம்பெனிக்கு போன் போட்டார்.

அங்கே இருந்த தலைமை விமானி பழகியவர். ஊர்ப் பெயரைக் கேட்டதும், அந்த ஊர் ஓடுபாதையில் பாதியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, மிச்சமிருக்கிற நீளத்தில் ஜெட் இறங்காதே என்றார். புரொப்பல்லர் விமானம் இறங்கும். ஆனால் அதன் வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேல். இரண்டரை மணி நேரம் ஆகும். இன்று மேலே எதிர்க்காற்று, அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். பாதை எப்போது தயாராகும் என்று இவர் கேட்டார். இன்னும் பத்தொன்பது நாள்.

அடுத்த அரை மணி நேரம் அவர் தலைகீழாக நின்று பார்த்தார். அந்த ஊருக்குப் பக்கத்தில் பெரிய விமான நிலையம் ஒன்று உண்டு. பக்கம் என்றால் நூற்றெழுபது கிலோமீட்டர், மலைச்சாலை. அங்கே ஜெட் இறங்கும், ஆனால் சாலையிலேயே மூன்று மணி நேரம் போய்விடும். ஹெலிகாப்டர் கேட்டார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒன்றும் பழுது பார்க்கப் போயிருந்தது. ராணுவத்திடம் கேட்டார், கேட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் கேட்டுச் சொன்னார்கள், இல்லை என்று.

கடைசியில் காகிதத்தில் வரிசையாக எழுதினார். அங்கே எடுத்துப் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்ற, பதினைந்து நிமிடம். விமான நிலையம் போக, இருபது. ஏற்றிக் கிளம்ப, பத்து. பறக்க, நூற்றறுபது. இங்கே இறங்கி மருத்துவமனை வர, பதினெட்டு. நெஞ்சில் வைத்துத் தைத்து முடிக்க, நாற்பது. கூட்டினால் நாலு மணி இருபத்துமூன்று நிமிடம்.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். எதிர்க்காற்றுக்குச் சேர்த்த பத்து நிமிடத்தை அடித்தார். காற்று விழலாம், யார் கண்டது. அந்த ஊரில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டால் இருபது நிமிடச் சாலை பன்னிரண்டில் முடியலாம். விமானம் என்ஜினை அணைக்காமல் நின்றால் ஏற்றிக் கிளம்ப ஐந்து போதும். மறுபடி கூட்டினார். சரியாக நாலு மணி. ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைத் தனியே எழுதிக் கட்டம் போட்டார். கட்டம் அழகாக இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த ஊரில் ஒரு வீட்டார், வயிறு எரிய எரிய, தங்கள் பிள்ளையின் இதயத்தை எங்கேயாவது துடிக்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். அது இவர் கூட்டிய கூட்டலை நம்பிப் புறப்படும். சாலையில் ஒரு லாரி குறுக்கே வந்தால் போச்சு. இங்கே மேசையில் நெஞ்சைத் திறந்து படுத்திருக்கும் அவளுக்குத் துடிக்காத இதயம் வந்து சேரும். அவளும் இல்லை, அதுவும் இல்லை. இங்கே வராவிட்டால் பக்கத்திலேயே எங்கோ ஓர் ஊரில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு உயிர் காத்திருக்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். பல தடவை பிறத்தியார் விஷயத்தில் இதே யோசனையோடு, முடியாது என்று தயங்காமல் சொன்னவர்தான்.

காகிதத்தைக் கசக்கினார். பழைய வரிசையைப் புதிய தாளில் எழுதினார்.

பெரிய டாக்டரே பேசினார். “உங்க கணக்கு என்ன?”

“நாலு இருபத்துமூணு.”

“எங்கேயாவது குறைக்க முடியுமா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“எல்லாம் நல்லபடியா நடந்தா, நாலுக்குக் கொண்டுவரலாம். நல்லபடியா நடக்கும்னு என்னால சொல்ல முடியாது, டாக்டர்.”

டாக்டர் சரி என்று மட்டும் சொன்னார். பிறகு, அவருக்கு வழக்கமில்லாத விதத்தில், மன்னிச்சிடுங்க என்றார். அந்த இதயம் பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, முன்னூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்குத் தானே போய்ச் சொல்வதாகக் கேட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். பத்தொன்பது நிமிட வழிக்கு அன்று எவ்வளவு ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் மணி பார்க்காமல் போன பயணம் அது ஒன்றுதான்.

அவள் கூடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை மடியில். மகள் பள்ளிச் சீருடையில், போகாமல், அம்மாவை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தம்பி வேலையை விட்டு ஓடி வந்திருந்தான். கையில் கிரீஸ் கறை போகவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாசலிலேயே விழுந்துவிட்டது.

“நீ இனிமே சாப்பிடலாம்மா,” என்றார்.

அவள் புரிந்துகொண்டாள். பையைக் கீழே வைத்தாள். “எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்டாள். சொன்னார். ஓடுபாதையைப் பற்றியும் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

“யார் கூட்டினாங்க, நீங்களா?”

“நான்தான்.”

“அப்ப சரியாத்தான் இருக்கும். எனக்குத் தண்ணி குடுங்க, நாக்கு ஒட்டிக்கிச்சு.”

தம்பிதான் வெடித்தான். பத்து இருபது நிமிடத்துக்காக ஓர் உயிரை விடுவார்களா, வண்டியை வேகமாக ஓட்டச் சொல்ல வேண்டியதுதானே, நாலு மணிக்குள் வந்துவிடும் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தால் டாக்டர்கள் கிளம்பியிருப்பார்களே என்று கேட்டான். “ஊரான் வீட்டுக் கணக்கு மாதிரி பார்த்துட்டீங்களே மாமா,” என்றான். அக்கா அவனை அதட்டினாள். அதட்டுவதற்குக் குரல் போதவில்லை. இருமல் வந்து, மகள் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. அவன் அழுதுகொண்டே வெளியே போனான்.

அன்று மத்தியானம் அவள் இரண்டு துண்டு ரொட்டியும் ஓர் ஆரஞ்சும் சாப்பிட்டாள். ருசியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

பத்தொன்பதாம் நாள் அந்த ஊர் ஓடுபாதை திறந்தது. அவருடைய கணினியில் அறிவிப்பு வந்தது. படித்துவிட்டு எழுந்து கழிவறைக்குப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்து அட்டவணையில் திருத்தினார்.

அதற்குப் பிறகு பொருந்துகிற இதயம் வரவில்லை. ஒன்று வந்தது; எடை ஒத்துவரவில்லை. பத்தாவது வாரம் அவளை வார்டில் சேர்த்தார்கள். அவருடைய அறைக்கு இரண்டு மாடி மேலே. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போவார். அவளுடைய பழைய மாணவர்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவனுக்கு மீசை முளைத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஜன்னலைப் பார்த்து, வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் தண்ணீருக்குள் இறங்கியிருப்பார்கள் என்றாள். அவர் மணியைப் பார்த்து ஆமாம் என்றார். அவர் குனிந்து நிமிர்வதற்குள் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் வேலைக்குத் திரும்பினார். அந்த மேசையை விட்டு வேறு மேசைக்குப் போகிறீர்களா என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றார். ஏன் என்று அவரே தெளிவாகச் சொல்லத் தெரியாதவராக இருந்தார். வேறு யாராவது உட்கார்ந்து, நல்ல மனதோடு, இருபது நிமிடத்தைக் குறைத்துச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். மாதம் ஒன்று கழித்து ஒரு பேருந்து ஓட்டுநருக்காக இதயம் வந்தது. மூன்று மணி நாற்பது. வந்து சேர்ந்து துடித்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அவர் அழுததை எக்ஸ்ரே அறைப் பெண் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகளைப் பள்ளி வாசலில் பார்த்து, வேண்டியதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவான். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டான்.

மகளிடம் அவர் அந்தக் கசக்கிய காகிதத்தைப் பற்றிச் சொன்னது நாலு வருடம் கழித்து, அவள் படிப்புக்காக வெளியூர் போகும் முன். சமையலறையில் இருவரும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்காமல் அவராகத்தான் சொன்னார். நாலு மணி என்று எழுதிக் கட்டம் போட்டதை, போனைக் கையில் எடுத்ததை. யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை என்றார்.

மகள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். “அம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“தெரியல. கேட்கலையே.”

“எனக்கும் சில நாள் உங்க மேல கோவம் வரும்ப்பா. மாமா சொன்னது சரின்னு தோணும். அடுத்த நாள் தோணாது.”

அது அவருக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. நீ கோபப்படலாம், தப்பில்லை என்றார். விளக்கை அணைக்கும் முன் அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய காலையில் தம்பி வந்தான். விமான நிலையத்துக்குப் பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டுமே என்று மகள்தான் அழைத்திருக்கிறாள். மாமாவைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்றான். நல்லா இருக்கேன்ப்பா என்றார். அவன் முடி முன்னால் நரைத்திருந்தது. மகள் உள்ளே போனதும் இருவரும் கண்ணாடிக்கு வெளியே நின்று, அவள் வரிசையில் நகர்ந்து நகர்ந்து மறைகிற வரை பார்த்தார்கள். திரும்பும் வழியில் தம்பி ஓட்டினான். வீட்டுக்குள் வந்து, அக்கா உட்காரும் நாற்காலியைத் தவிர்த்து, வேறொன்றில் உட்கார்ந்தான். குழாய் சொட்டுவதைப் பார்த்து, வாஷர் போய்விட்டது, அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்றான்.

சொன்னபடி வந்தான். அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறான். லிஃப்டுகளைப் பற்றியும் மகளைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி அவன் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. முன்போலச் சாப்பாட்டு நேரம் பார்த்து அவன் வருவதில்லை, டீயோடு எழுந்துவிடுகிறான். அவர் வாசல் வரை போய், அவன் வண்டி தெருமுனை திரும்புகிற வரை நின்றுவிட்டு உள்ளே வருகிறார்.